கேட்கத் தெரிந்தவன் வேண்டும்!

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

டியூஷன் சென்டர் நடத்த நம் ஊர்களில் ஆள் இருக்கிறது. நள்ளிரவில் இரத்தம் வேண்டுமென்றால் ஓடி வர இளைஞர் கூட்டம் இருக்கிறது. வெள்ளம் வந்தால் அள்ளிக் கொடுக்கக் கடைவீதி இருக்கிறது. இல்லாதது என்ன தெரியுமா? செய்கிற வேலையைத் தாளில் எழுதி, கொடுக்கக் கூடியவரிடம் முறையாகக் கேட்கத் தெரிந்த ஆள்! 'புராஜெக்ட் எழுதுகிறவர்' என்கிறோமே, அவர்தான்.

என் தவறையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் நடத்திய மாலை நேர வகுப்பைப் பார்க்க ஒரு கம்பெனி அதிகாரி வந்தார். பிள்ளைகளைப் பார்த்து மகிழ்ந்தார். "மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட் கொடுங்கள் ஐயா" என்றார். என்னிடம் இருந்ததோ சட்டைப் பையில் ஒரு நோட்டு! ஒரு பைசா தவறவில்லை. ஆனால் காட்டுவதற்கு ஒரு ரசீது இல்லை. அந்த நிதி வேறு ஊருக்குப் போய்விட்டது. "முஸ்லிம்கள் என்பதால் தரவில்லை" என்று எங்களில் சிலர் கொதித்தார்கள். இல்லை சகோதரர்களே! பாகுபாடு இருக்குமிடத்தில் குரல் கொடுப்போம். அன்று பழுது என் நோட்டில் இருந்தது.

மவ்லானா ஆசாத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்தியது. அதை எதிர்ப்பது ஒரு வேலை. திறந்திருக்கும் கதவுகளைத் தட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் செய்ய வேண்டும்.

எந்தக் கதவு? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. கல்வி, மருத்துவம், தொழிற்பயிற்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மதப் பணி இல்லை. அரசியல் கட்சிக்குக் கொடுக்கவே கூடாது. ஆகவே இயக்கத்தின் பெயரில் போய் நிற்காதீர்கள். முறையாகப் பதிவான ட்ரஸ்டின் பெயரில், எல்லா மக்களுக்கும் பயன்படும் பணிக்குக் கேளுங்கள். 2021 ஏப்ரல் முதல், இந்த நிதியைப் பெற்றுப் பணி செய்யும் ட்ரஸ்டு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வளைகுடாவில் உழைக்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி. உறவினராகவே இருந்தாலும் சரி! அதை ட்ரஸ்டு வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி வேண்டும். அப்படி வந்த பணத்தை இன்னொரு ட்ரஸ்டுக்கு மாற்றிக் கொடுக்க 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடை விதித்தது. தெரியாமல் செய்தோம் என்பது பதிலாகாது.

இளைஞர்களே! இந்த வேலைக்கு வர அடுக்குமொழி வேண்டாம். ஐந்து கேள்விகளுக்கு நேர்மையான பதில் எழுதுங்கள். யாருக்குக் குறை? என்ன குறை? நாம் என்ன செய்வோம்? எவ்வளவு ஆகும்? செய்ததை எப்படிக் காட்டுவோம்? 'ஏழைப் பிள்ளைகள் பயன்பெறுவர்' என்று எழுதாதீர்கள். 'பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற 40 பேருக்கு, வாரம் ஐந்து நாள், ஆறு மாதம்' என்று எழுதுங்கள். முதல் மனுவைச் சிறிய தொகைக்குப் போடுங்கள். கிடைத்தால் சொன்ன தேதியில் அறிக்கை கொடுங்கள். அந்த அறிக்கைதான் அடுத்த மனுவுக்குச் சிபாரிசுக் கடிதம்.

தனியாக இருந்து இதைக் கற்க முடியாது. பக்கத்து நான்கு ஊர்களில் இந்த வேலை செய்கிறவர்களைத் தேடுங்கள். மாதம் ஒருநாள் உட்காருங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறை சொல்லட்டும். நிராகரிப்புக் கடிதத்தை ஒளிக்காதீர்கள். நடுவில் வைத்துப் படியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக, மகளிர் குழுக்களுக்காக உழைக்கும் பிற சமய நண்பர்களையும் அழையுங்கள். நமக்கு முன்பே இந்தப் பாதையில் நடந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவில் இத்தொழில் செய்வோர் 1998இல் தங்களுக்கென ஒரு சங்கமே அமைத்தார்கள். அவர்களுடைய ஒழுக்க விதிகளில் ஒன்றைக் கேளுங்கள்: கிடைக்கும் நிதியில் சதவீதம் வாங்கக் கூடாது!

இங்கேதான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். "வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடு" என்பவன் நாளை 40 பிள்ளைகளை 400 என்று எழுதுவான். ஏனென்றால் தொகை ஏறினால் அவன் பங்கும் ஏறும். பிள்ளைகளுக்கென்று வந்த பணம் அமானிதம். அதில் தரகு ஏது?

அப்படியானால் எழுதுகிறவன் எதைச் சாப்பிடுவான்? வணிகச் சகோதரர்களே, இது உங்களுக்கான கேள்வி. கடைக்குக் கணக்கெழுத ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறீர்கள். சமுதாயத்தின் கணக்கை எழுத ஓர் இளைஞனுக்குப் பத்துக் கடைகள் சேர்ந்து மாதச் சம்பளம் தரக் கூடாதா? மனு ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தச் சம்பளம் போய்ச் சேர வேண்டும். கூடவே, ட்ரஸ்டுக்கு நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். நீங்கள் கேட்டிருந்தால் அன்று என் சட்டைப் பையில் அந்த நோட்டு இருந்திருக்காது.

ஊருக்கு ஒருவர் பெயர் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். வஸ்ஸலாம்.