வேடம் பூண்டு ஆடும் விளையாட்டு

நம் இல்லத்துப் பிள்ளைகள் திரைக்கு முன் அமர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டுகளுள் ஒருவகைக்கு 'ரோல் பிளேயிங் கேம்' என்று பெயர். வேடம் பூண்டு ஆடுதல் என்று நாம் சொல்லலாம். ஓர் ஆட்டம் எதனால் இவ்வகையைச் சேர்கிறது என்பதில் ஆடுகிறவர்களுக்குள்ளேயே தீராத வழக்கு உண்டு.

இதன் பிறப்பிடம் கணிப்பொறியன்று, மேசை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வெளிவந்தது. அதில் ஒவ்வொருவரும் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்பர். வலிமைக்கும் அறிவுக்கும் எண்கள் உண்டு. அனுபவம் புள்ளிகளாகச் சேரும். ஐயம் நேர்ந்தால் பகடை தீர்ப்புச் சொல்லும். தாயம் உருட்டிய நமக்கு அது புதிதன்று. பின்னர்க் கணிப்பொறி இந்த எண்களை எளிதில் கைக்கொண்டது. ஆகவே எண்கள் வளர்வதே இவ்வகைக்கு இலக்கணம் எனப் பலர் கொண்டனர்.

அதை நான் ஏற்பதற்கில்லை. இன்று துப்பாக்கி ஆட்டங்களிலும் கால்பந்து ஆட்டங்களிலுங்கூட எண்கள் வளர்கின்றனவே!

1985-இல் ரிச்சர்டு காரியட் ஆக்கிய 'அல்டிமா' வரிசையின் நான்காம் ஆட்டத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் குறி சொல்லும் நாடோடிப் பெண் ஒருத்தி நம்மை வினவுகிறாள். நேர்மையா, இரக்கமா? ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ளலாம். அவ்விடைகளே நம் பாத்திரத்தின் தொழிலை முடிவு செய்கின்றன. இறுதியில் கொல்வதற்கென்று ஒரு கொடியவன் இல்லை. எட்டு நற்பண்புகளில் தேறவேண்டும். மந்திரத்திற்குரிய மூலிகைகளை விற்பவர் கண் பார்வையற்றவர். எத்தனை காசு கொடுப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார். குறைத்துக் கொடுத்தால் அவர் அறியார். ஆனால் ஆட்டம் அறியும். நேர்மைக் கணக்கில் குறைத்துக்கொள்ளும். அங்கும் எண்கள்தாம், ஆனால் நம் நடத்தையை அளக்கும் எண்கள்.

விரலின் வேகத்தினும் பாத்திரத்தின் தன்மையே மேலோங்குவதும், செய்த வினை நம்மைத் தொடர்வதுமே இவ்வகையின் உயிர் என்பேன்.

இதற்கு மறுப்பும் உண்டு. 1986-இல் ஜப்பானில் யூஜி ஹோரி படைத்த 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தில் வீரனின் கதை பெரும்பாலும் முன்னரே வகுக்கப்பட்டது. ஆயினும் அதையும் இவ்வகையிலேதான் சேர்க்கின்றனர். அங்கே ஓரிடம் மட்டும் என் பக்கம் பேசுகிறது. "என்னுடன் சேர்ந்தால் உலகில் பாதி உனக்கு" என்னும் கருத்தில் பகையரசன் ஆசை காட்டுகிறான். ஆம் என்று சொல்லவும் நமக்கு இடமுண்டு. சொல்லிவிட்டால், அத்துடன் ஆட்டம் முடிந்துவிடும்.