குளிர் மலையில் எந்தத் தரை?

தீபாவளி நெருங்கினால் கேமரன் மலைத் தோட்டங்களில் வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு தொடங்கிவிடும். சுவருக்குப் பூசிய சாயம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த ஆண்டே மாற்றலாம். தரையை அப்படி நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. ஆகவே இன்று தரை போடும் கலையைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்ப்போம்.

நம் மலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 15 டிகிரி வரை குளிர் இறங்கும். கீழே ஈப்போ நகரக் கடையில் பார்த்து ஆசைப்பட்ட வழவழப்பான டைல்ஸ், ஈப்போ வெயிலுக்குச் சுகம்தான். அதையே நம் மலையின் பிரிஞ்சாங்கில் பதித்தால் விடியற்காலையில் காலைக் கடிக்கும். ஒரே அறையில் டைல்ஸும் பலகையும் ஒரே குளிரில்தான் கிடக்கின்றன. ஆனால் டைல்ஸ் நம் பாதத்துச் சூட்டைச் சட்டென உறிஞ்சிக்கொள்ளும், பலகை அப்படி உறிஞ்சாது.

குளிரைக்கூட ஒரு ஜோடி செருப்பால் சமாளிக்கலாம். ஈரத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களானாலும் மற்றத் தோட்டங்களானாலும், மலைச்சரிவை வெட்டித்தான் வீடு கட்ட இடம் எடுக்க வேண்டும். மழைநீர் பின்பக்க மண்ணில் ஊறி, சிமெண்டுத் தரைக்கு அடியில் வந்து நிற்கும். பழைய தரைகள் பலவற்றுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது.

ஈரம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் விரியுங்கள். நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு, பிறகு எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்துக்கள் பூத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் மேலே ஏறுகிறது. அப்போது முதல் செலவு பின்பக்கக் கால்வாய்க்கு. அடுத்தது, பாலிதீன் விரித்து அதன்மேல் குறைந்தது இரண்டு அங்குலச் சிமெண்டுப் பூச்சு. தரை உயர்ந்துவிடும், கதவின் அடியைச் சீவ வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் பொருள்கள். லேமினேட் பலகை பார்க்க அழகு, ஆனால் உள்ளே இருப்பது அழுத்திய மரநார். ஈரம் பட்டால் உப்பி ஓரம் தூக்கும். நம் மலைக்கு அது வேண்டாம். செங்கால் போன்ற கெட்டி மரம் உழைக்கும், விலைதான் கைக்கு எட்டாது. சுண்ணாம்புக்கல் தூள் கலந்த வினைல் பலகை நீருக்கு அஞ்சாது, டைல்ஸ் அளவுக்குச் சில்லிடவும் செய்யாது. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் அதுவே ஏற்றது. சுவரோரம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டுப் பதிப்பவரே வேலை தெரிந்தவர். இடைவெளி இல்லாவிட்டால் பலகை விரியும்போது நடுவில் எழும்பும்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் சொரசொரப்பான போர்சலின் டைல்ஸ்தான் சரி. பதித்து முடித்ததும் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்ல வேலை. டொக்கென்றால் அடியில் கலவை நிரம்பவில்லை, அந்தக் கல் என்றாவது பெயரும். கூலி கொடுக்கும் முன் தட்டிப் பார்ப்பது நல்லது.

தோட்ட வீட்டில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம் என்றால், கேட்காமல் தரையை உடைக்காதீர்கள். வேலை முடிந்து வீட்டை விட்டுப் போகும் நாளில் பதித்த டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. விரிசல் இல்லாத பழைய சிவப்புச் சிமெண்டுத் தரை இருந்தால் மெழுகு போட்டுத் தேய்த்து, மேலே வினைல் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிக் காயவிடுங்கள். மாறிப் போகும்போது சுருட்டிக்கொண்டு போகலாம்.

சொந்த வீடு கட்டி வந்தவர்கள் டைல்ஸின் நிறத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். முதலில் ஈரத்தைத் தடுங்கள். அடித்தரை காயாத வீட்டில் எந்த விலை உயர்ந்த பொருளும் காசுக்குக் கேடுதான்.