நம்பாதவனும் நம்மவனே
(பதுளையில் நிகழ்த்திய உரை)



நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இதை மறைத்து உங்கள் ஆதரவைக் கேட்பது வஞ்சகம். ஆதலின் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் உள்ள ஊவாவில் இதைச் சொல்லலாமா?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். சொல்லலாம், சட்டம் இடந்தருகிறது.

1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9-ஆம் உறுப்புரை பௌத்தத்திற்கு முதன்மை இடம் அளிக்கிறது. ஆயினும் 10-ஆம் உறுப்புரை, சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. கடவுள்மேல் ஆணையிட மனம் ஒப்பாத சாட்சி, நீதிமன்றத்தில் உறுதியுரை செய்து சாட்சியமளிக்கலாம். அதனால் அவர் வாக்கின் மதிப்பு அணுவளவும் குறையாது.

ஏட்டில் உள்ள உரிமை நாட்டில் உண்டா? 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர், ஒரு சிறுகதை பௌத்தத்தை இழிவுபடுத்துகிறது என்ற முறைப்பாட்டின்பேரில் கைதாகி, நான்கு மாதம் மறியலில் கிடந்தார். 2021-ல் விடுவிக்கப்பட்டார். இழந்த மாதங்களை யார் திருப்பித் தந்தார்?

"நாத்திகனால் தொழிலாளிக்கு என்ன பயன்?" என்பீர்கள். 2014 அக்டோபர் 29 அன்று, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. "எல்லாம் விதி" என்றனர். பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த தாய் அவ்வாறு சொல்லி ஆறுதலடைந்தால், நான் மறுத்து வாய் திறவேன். அதிகாரத்தில் உள்ளோர் சொன்னால் விடமாட்டேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்தபின்னும் மக்கள் அதே லயங்களில் வாழ்ந்தனர். இது தெய்வக் குற்றமா, மனிதர் குற்றமா? இக்கேள்வியைக் கேட்கும் துணிவையே நான் பகுத்தறிவு என்கிறேன்.

அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் அறைகூவினார் டாக்டர் ஆபிரகாம் கோவூர். 1978-ல் அவர் மறையும்வரை எவரும் அதை வெல்லவில்லை. அவர் எதிர்த்தது பக்தரையன்று. பக்தியை வைத்துப் பிழைப்போரை.

அண்மையில் ஓர் இளைஞன் என்னிடம் வந்தான். திருவிழாவுக்குப் பணம் தர மறுத்ததற்காக, அவனுடைய பாட்டியின் சாவு வீட்டுக்குத் தோட்டத்தார் எவரும் போகவில்லையாம். தப்பு அடிக்கவும் ஆள் இல்லை. பாட்டியோ ஆண்டு தவறாமல் தீ மிதித்தவள்! வழக்குப் போடும்படி கேட்டான். எந்த நீதிமன்றம் பாடைக்குத் தோள் கொடுக்கும்? அதை நீங்கள்தான் கொடுக்கவேண்டும்.

கோயிலை மூடச் சொல்ல நான் வரவில்லை. உங்கள் தேர் வரும்போது வழிவிட்டு நிற்பேன். கும்பிடாதவன் வீட்டில் சாவு விழுந்தால், நீங்கள் போய் நில்லுங்கள். அவ்வளவே நான் கேட்பது.