பல்கலைக்கழகத்தின் வாசல் எங்கே இருக்கிறது?

(மாத்தளையில் ஆசிரியர்களும் கமக்காரரும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கல்விக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

 

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்லுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். மாத்தளையில் நின்றுகொண்டு பேராதனையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று ஒருவர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. இந்த ஊரின் புகையிரத நிலையத்தில் தொடங்கும் இருப்புப் பாதை கண்டியைக் கடந்து பேராதனையை நோக்கிச் செல்லும் வழியில் 'சரசவி உயன' என்றொரு சிறு நிலையம் உண்டு. 'சரசுவதியின் பூங்கா' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அது பல்கலைக்கழகத்தின் நிலையம். 1880ஆம் ஆண்டு மாத்தளைக்கு இருப்புப் பாதை போடப்பட்டபோது, மலையிலே விளைந்த கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் நோக்கமாயிருந்தது. கோப்பி மூட்டை சென்ற பாதையிலே இன்று மாணவர் செல்கின்றனர். அவர்களுள் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? இந்த ஒரு கேள்விக்காகவே நான் பழைய வரலாற்றைப் புரட்டுகிறேன்.

கேட்டவர் யார்?

பல்கலைக்கழகம் வானத்திலிருந்து விழுந்ததன்று, கேட்டுப் பெற்றது. 1906ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தோன்றியது. அதன் தலைவராக நின்று குரல் கொடுத்தவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 'பரீட்சை வினாத்தாள் இலண்டனிலிருந்து வருகிறது. விடைத்தாள் இலண்டனுக்குப் போகிறது. இந்த நாட்டின் மொழிக்கும் வரலாற்றுக்கும் அக்கல்வியிலே இடமில்லை' என்பதே அன்றைய படித்த மக்களின் மனக்குறை. அந்தக் குறையை ஓர் இயக்கமாக்கினார் அருணாசலம்.

அதே மனிதர் 1919ஆம் ஆண்டு தொழிலாளர் நலனுக்கென ஒரு கழகத்தையும் அமைத்தார் என்பதை நம்மவர் மறந்துவிடக் கூடாது. வேலைக்கு வராத தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டப் பிரிவுகளை ஒழிக்க வேண்டுமென்று போராடினார். ஒரு கையால் பல்கலைக்கழகத்தைக் கேட்டவர், மறு கையால் தொழிலாளியின் விலங்கை உடைக்க முயன்றார். அவர் பெயர் தாங்கிய மாணவர் விடுதி இன்றும் பேராதனையில் இருக்கிறது. அந்த விடுதியிலே தோட்டத் தொழிலாளியின் மகன் தங்கிப் படிக்கும்போதுதான் அருணாசலத்தின் இரு பணிகளும் ஒன்று சேர்கின்றன.

1906இல் கேட்ட பல்கலைக்கழகம் உடனே வந்துவிடவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 1921இல், கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. பட்டம் அப்போதும் இலண்டனுடையதுதான். பின்னர் இடத்தைப் பற்றிய சச்சரவு எழுந்தது. கொழும்பிலேயே இருக்கட்டும் என்றார் ஒரு சாரார். மலைநாட்டுக்குப் போகட்டும் என்றார் மறு சாரார். தும்பறைப் பள்ளத்தாக்குப் பேசப்பட்டது. முடிவில் பேராதனை தெரிவாயிற்று. 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி, மருத்துவக் கல்லூரியையும் பல்கலைக்கழகக் கல்லூரியையும் இணைத்து இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தரானார். 1952இல் பெரும் பகுதி பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. கேட்ட நாளிலிருந்து எண்ணினால் 46 ஆண்டுகள்!

இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். முதலில் கோரிக்கை, அடுத்துக் கல்லூரி, அதன் பின்னரே பல்கலைக்கழகம். நாற்றங்கால் போடாமல் நடவு நட்டவன் எவனுமில்லை. கமக்காரருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

மலையும் ஆறும் மைதானமும்

பேராதனையின் அழகைப் புகழாதவர் இல்லை. ஒரு புறம் ஹந்தானை மலைத்தொடர். நடுவே மகாவலி கங்கை. பற்றிக் அபர்குரொம்பி, கிளிபர்ட் ஹொலிடே என்னும் நகரமைப்பு வல்லுநர் இருவர் திட்டத்தை வரைந்தனர். சேர்லி டி அல்விஸ் என்னும் கட்டடக் கலைஞர் இந்நாட்டின் பழைய மண்டபங்களின் சாயலைப் புதிய கட்டடங்களில் ஏற்றினார். மாணவர் வந்து போகும் கூடமாக அன்றி, தங்கி வாழும் ஊராகவே அது திட்டமிடப்பட்டது. ஆகவேதான் விடுதிகளும் உடற்பயிற்சிக் கூடமும் விளையாட்டு மைதானமும் திறந்தவெளி அரங்கும் அங்கே எழுந்தன.

அந்தச் சூழலிலே தமிழும் வளர்ந்தது. சுவாமி விபுலானந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1943இல் பொறுப்பேற்றார். பின்னாளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், நாட்டுப்புறத்துக் கமக்காரர் ஆடிய கூத்தை 1960களில் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியன அவ்வாறு பிறந்தவை. படிப்பாளியும் பாட்டாளியும் ஒருவருக்கொருவர் அந்நியரல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி விளையாட்டு. படிக்கும் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இங்கும் இருக்கலாம். கண்டி திரித்துவக் கல்லூரியிலே பயின்ற டங்கன் வைற் 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடையோட்டத்திலே வெள்ளிப் பதக்கம் பெற்றார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நா. எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே உயரம் பாய்தலில் தங்கம் வென்றார். ஆசிய விழாக்களில் இந்நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவரே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உயர்கல்வி கற்றுக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பாய்ந்த கால் படிப்பைக் கெடுக்கவில்லை.

நம் பிள்ளைகளின் காலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் மலையேறி மலையிறங்கும் கால்கள் அவை. ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த குமார் சண்முகேஸ்வரன் நெடுந்தூர ஓட்டத்திலே நாடறிந்த வீரரானது அந்தக் காலின் வலிமையால். விளையாட்டிலே சிறந்து விளங்கும் மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதியிலே விசேட ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் சமதரையான ஓர் ஓடுபாதையை எத்தனை தோட்டப் பாடசாலைகள் கண்டிருக்கின்றன? நூற்றுக்கணக்கான ஏக்கரில் தேயிலை நிற்கும் மலையிலே பிள்ளைகள் பந்தாட ஓர் ஏக்கர் கிடையாதா?

வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

அன்பர்களே, 1906இல் பல்கலைக்கழகம் வேண்டுமென்று சங்கம் அமைத்தார்கள் என்றேன். அடுத்த ஆண்டு, 1907இல், ஒரு சட்டம் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோட்ட நிருவாகம் கல்வி வழங்க வேண்டும் என்றது அச்சட்டம். எத்தனை வயது வரை? 6 வயது முதல் 10 வயது வரை! நாட்டின் ஒரு பிள்ளைக்குப் பட்டப்படிப்பைப் பற்றிய பேச்சு. மற்றப் பிள்ளைக்குப் பத்து வயதோடு படிப்பு முற்றுப்புள்ளி. இரண்டும் ஒரே நாடு; இரண்டும் ஒரே காலம்.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழைக் கிராமத்துப் பிள்ளை அந்த ஏணியில் ஏறிப் பேராதனையை அடைந்தது. தோட்டப் பாடசாலைக்கு அந்த ஏணி எட்டவில்லை. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளி மக்களை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 அளவிலேதான். பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. பேராதனை வாசல் 1952இல் திறந்தது. அந்த வாசலுக்குப் போகும் பாதையே நமக்கு ஒரு தலைமுறை பிந்தித்தான் கிடைத்தது.

இந்த மாத்தளை மண் இதற்குச் சாட்சி. மன்னாரிலே கரையிறங்கிய நம் முன்னோர் காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைக் கடந்து வந்து சேர்ந்தது இங்கேதான். வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். அந்தப் பாதையை நினைவுகூர்ந்தே 2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் இருநூறாவது ஆண்டிலே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நடந்தது. அந்த நடையை நாம் கொண்டாடினோம். அடுத்த நடை மாத்தளையிலிருந்து பல்கலைக்கழகத்துக்காக இருக்கவேண்டாமா?

சிறியவை வளர்ந்த கதை

மலையகத்துக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து வருகிறது. நியாயமான கோரிக்கை, நான் அதை ஆதரிக்கிறேன். ஆயினும் அது எப்படி வரும் என்பதையும் சிந்திக்க வேண்டும். மட்டக்களப்பிலே 1981இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி, வந்தாறுமூலை மகா வித்தியாலயம் இருந்த வளவிலே தொடங்கிற்று. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வவுனியாவிலே 1991இல் இணைந்த கல்லூரியாக அரும்பியது 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. எல்லாம் சிறிதாய்த் தொடங்கியவை. எல்லாம் படிப்படியாய் வளர்ந்தவை.

பதுளையிலே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகமும் சிறிய அரச பல்கலைக்கழகமே. நாட்டின் விளைபொருளுக்குப் பெறுமதி சேர்ப்பதையே தன் நோக்கமாக வைத்து, ஏற்றுமதி விவசாயத்தையும் தேயிலைத் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கிறது. மிளகு, கராம்பு, சாதிக்காய், கொக்கோ விளையும் மாத்தளைக்கு இது அந்நியமான படிப்பா? ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் நம் மாத்தளையிலேயே இருக்கிறது. அந்த வேலியின் உள்ளே நடக்கும் ஆராய்ச்சி, வேலிக்கு வெளியே மிளகு பறிப்பவரின் பிள்ளைக்குப் பாடமாக வேண்டும்.

செய்ய வேண்டியது

இன்றைய அனுமதி முறையைப் பாருங்கள். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு. 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டம் என்றால் முழு மாவட்டம்! ஆய்வுகூடமுள்ள நகரப் பாடசாலைப் பிள்ளையும் எல்கடுவை, இறத்தோட்டை மலைகளிலே ஆசிரியரின்றித் தவிக்கும் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். பரீட்சைத் தாள் ஒன்று, பயிற்சி ஒன்றல்ல. ஆகையால் பல்கலைக்கழகத்தின் உண்மையான வாசல் பேராதனையிலே இல்லை. உயர்தர விஞ்ஞான வகுப்பிலே இருக்கிறது. அந்த வகுப்பு இல்லாத பாடசாலையின் பிள்ளைக்கு, வாசலே கட்டப்படவில்லை என்பதுதான் பொருள்.

எனவே நான் மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது: இம்மாவட்டத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ் மொழி மூல உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் முழுமையான ஆய்வுகூடத்தோடும் போதிய ஆசிரியரோடும் இயங்க வேண்டும். தூரத்துப் பிள்ளைக்கு அதனருகே விடுதி வேண்டும். தங்கிப் படித்தலின் பயனைப் பேராதனை நமக்குக் காட்டியிருக்கிறது.

இரண்டாவது: தோட்ட நிலம் அரசின் நிலம், கம்பனிகள் 1992 முதல் குத்தகைக்காரர். ஆகையால் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் ஒரு மைதானம் ஒதுக்குமாறு அரசைக் கேட்போம். பிச்சையாக அன்று, உரிமையாகக் கேட்போம்.

மூன்றாவது நம்மிடமே. படித்து உத்தியோகம் பெற்றவர்களே! வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைத் தோட்டத்து வகுப்புக்குத் தாருங்கள். பெற்றோரே! சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். வறுமை எனக்குத் தெரியாததன்று. ஆனால் இரண்டு ஆண்டுச் சம்பளத்துக்காக ஒரு வாழ்நாளை விற்றுவிடாதீர்கள்.

அருணாசலம் 1906இல் கேட்டார்; 1924இல் கண் மூடினார்; பேராதனையை அவர் காணவில்லை. காணமாட்டோம் என்பதற்காக அவர் கேட்காமல் இருந்துவிடவில்லை. நாமும் கேட்போம், கேட்டுவிட்டுக் கைகட்டி நில்லாமல் நாற்றங்காலைப் போடுவோம். உழைத்த மலையிலே நம் பிள்ளைகள் படிக்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும், முந்தவும் வேண்டும்.