வழக்கு நம் ஊரிலேயே



மயிலாப்பூரில் வசிக்கும் ஒரு மூதாட்டி, வெளிமாநில நிறுவனமொன்றிடமிருந்து தருவித்த கிரைண்டர், உத்தரவாதக் காலம் முடியுமுன்பே நின்றுபோய், எழுதிய கடிதங்களுக்கும் பதில் வராதபோது, நியாயம் கேட்க டில்லிக்கோ மும்பைக்கோ பிரயாணம் செய்யவேண்டுமோ என்று மலைத்துப் போவது இயல்பே.

வேண்டியதில்லை. 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வழக்குத் தொடுக்கும் இடம், நிறுவனமோ அதன் கிளையோ இருக்கும் இடம், அல்லது வழக்குக்குக் காரணம் பிறந்த இடம் என்றுதான் இருந்தது. வாங்கியவர் வசிக்கும் ஊர் கணக்கில் இல்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே, அல்லது உத்தியோகம் பார்க்கும் இடத்திலேயே, வழக்குத் தொடுக்கலாம் என்கிறது. ஆம், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே! எளியவரின் பக்கம் சட்டம் இவ்வளவு தூரம் இறங்கி வந்தது எனக்குப் பெரும் திருப்தி.

ஆகவே அந்த அம்மையார் சென்னையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். வக்கீல் அவசியமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் காரணம் ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும்.

ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். இக்காலத்து ரசீதுகளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடுகிறது. வாங்கிய அன்றே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.