கொடையும் பந்தியும்



விடுதியோடு கூடிய ஒரு பள்ளிக்கு நிதி திரட்டும் தொண்டைப் பற்றி இன்று சில சொற்கள் பேச விரும்புகிறேன். "பணம் கேட்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? இருப்பவர் கொடுப்பார், இல்லாதவர் மறுப்பார், அவ்வளவுதானே" என்று நீங்கள் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தும் முறையைக் கற்றேன். குழந்தைகளின் உளவியலைக் கற்றேன். வருகைப் பதிவேடு எழுதும் முறையைக்கூடக் கற்றேன். பிறரிடம் சென்று பொருள் கேட்கும் முறையை அங்கே யாரும் கற்பிக்கவில்லை. அதனை எனக்குக் கற்பித்தவர் காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர்.

அது 1998ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த தனியார் பள்ளியில் எண்பது மாணவர்கள் விடுதியில் தங்கிப் படித்து வந்தார்கள். பெரும்பாலோர் சுற்று வட்டாரத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள். சிலர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். காஞ்சிப் பட்டின் கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் இணைத்து நெய்யும் வேலைக்குக் கோர்வை என்று பெயர். அதற்குத் தறியில் இன்னொருவர் துணை வேண்டும். அந்தத் துணையாகப் பிள்ளைகளை உட்கார வைத்த வீடுகள் அக்காலத்தில் பல இருந்தன. தறியை விட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு, படிப்பதற்கும் உண்பதற்கும் உறங்குவதற்கும் ஓர் இடம் தேவை. ஆகவே எங்கள் விடுதி வெறும் வசதிக்காக ஏற்பட்டதன்று. பல பிள்ளைகளுக்கு அதுவே பள்ளியின் வாசற்படி.

அந்த விடுதிக்கு உணவுக்கூடம் இல்லை. பிள்ளைகள் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார்ந்து உண்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சாரல் இலையில் விழும். கூடம் ஒன்று கட்டுவதென்று பள்ளிக் குழு முடிவு செய்து, நிதி திரட்டும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நானும் இன்னோர் ஆசிரியரும் விடியற்காலையில் நடந்தோம். தறிச் சத்தம் கேட்கும் வீடுகளில் நுழைந்து, எங்கள் கையில் இருந்த வரைபடத்தைக் காட்டினோம். கூடத்தின் நீளம், அகலம், செலவு எல்லாவற்றையும் விளக்கினோம். எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் குழித்தறியில் அமர்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "கூடம் சரி, ஐயா. பிள்ளைகள் அதில் எப்படி உட்காருவார்கள்?" என்று கேட்டார்.

எனக்கு அக்கேள்வி விளங்கவில்லை. "பாய் விரித்துத்தான்" என்றேன். அவர் சிரித்தார். "அதைக் கேட்கவில்லை, ஐயா. யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். 1925இல் இந்த ஊரில் காங்கிரசு மாநாடு நடந்தபோது என் அப்பா பந்தலுக்கு வெளியே நின்று கேட்டாராம். ஒரு குருகுலத்துக்குப் பணம் கொடுத்த கதையை அவர் சாகிற வரையில் சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார்.

அந்தக் குருகுலத்தின் வரலாற்றை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நிதி திரட்டும் ஒவ்வொருவருக்கும் அது ஒரு பாடம்.

வ. வே. சு. ஐயர் பெரும் புலமை வாய்ந்தவர். அஞ்சாத நாட்டுப்பற்று உடையவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சிறையிலிருந்து விடுதலையான பின், 1922ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பகுதியில் அவர் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர்ச் சேரன்மாதேவியில் நடைபெற்றது. மாணவர்கள் அங்கேயே தங்கித் தாய்மொழியில் கற்க வேண்டும், கைத்தொழிலும் உடற்பயிற்சியும் பழக வேண்டும், நாட்டுக்கு உழைக்கும் உள்ளம் பெற வேண்டும் என்பது அவருடைய நோக்கம். உயர்ந்த நோக்கம் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாடு காங்கிரசுக் குழு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, அதில் 5,000 ரூபாயைக் கொடுத்தது. செல்வர்களும் உதவினார்கள். கடல் கடந்து மலேயாவில் வாழ்ந்த தமிழர்களும் பணம் அனுப்பினார்கள்.

இத்தகைய பொதுப்பணத்தில் நடந்த குருகுலத்தில், பெற்றோர் விரும்பினர் என்பதற்காகப் பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. அங்கே படித்த பிள்ளைகளின் வாயிலாகச் செய்தி வெளியே வந்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமியும், 'தமிழ்நாடு' இதழை நடத்திய டாக்டர் வரதராசுலு நாயுடுவும் இதனை வன்மையாகக் கண்டித்தார்கள். 1925 ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரசுக் குழு, தேசிய இயக்கத்தில் பங்குபெறும் நிறுவனங்கள் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று தீர்மானம் செய்தது. அதனை ஏற்காத தலைவர்கள் சிலர் குழுவிலிருந்து விலகினார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காக்க முயன்றபோது ஐயர் உயிர் துறந்தார்.

அதே 1925 நவம்பரில், திரு. வி. கலியாணசுந்தரனார் தலைமையில் காங்கிரசு மாநாடு காஞ்சிபுரத்தில் கூடியது. அங்கே எழுந்த வழக்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் பற்றியது, குருகுலத்தைப் பற்றியதன்று. ஆயினும் குருகுலத்தில் எழுந்த மனக்கசப்பு அந்தப் பந்தலிலும் இருந்தது. பெரியாரின் தீர்மானத்துக்கு இடம் தரப்படவில்லை. அவர் மாநாட்டை விட்டும் காங்கிரசை விட்டும் வெளியேறினார். தமிழ்நாட்டின் அரசியல் அதற்குப்பின் வேறு வழியில் திரும்பியது. இரண்டு இலைகளைத் தனியே போட்டதன் விளைவு எவ்வளவு தூரம் சென்றது, பாருங்கள்.

ஐயர் பணத்தைத் தவறாகச் செலவிட்டாரா? எழுந்த சர்ச்சை அதைப் பற்றியதன்று. பின் எதனால் கொடுத்தவர்கள் கொதித்தார்கள்? அவர்கள் கொடுத்தது நாட்டுப் பிள்ளைகள் அனைவருக்குமான பள்ளிக்கு. அந்தப் பள்ளியின் பந்தியில் தங்கள் பிள்ளைக்கு ஓர் இடமும் இன்னொருவர் பிள்ளைக்கு வேறோர் இடமும் உண்டென்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ரூபாய்க் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது. நடத்தைக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். அன்று அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டது இந்த இரண்டாவது கணக்கை.

"எல்லோரும் ஒரே வரிசையில்தான் உட்காருவார்கள், பெரியவரே" என்று நான் உறுதி கூறினேன். "அப்படியானால் எழுதிக்கொள்ளுங்கள்" என்று நூறு ரூபாயை எடுத்துத் தந்தார். சேலையை நெய்து முடித்துக் கொடுத்தால்தான் கூலி கைக்கு வரும். அவர் தறியில் இருந்த சேலையோ பாதிதான் முடிந்திருந்தது. அந்த நூறு ரூபாயின் அருமை எனக்குத் தெரியும்.

வாக்குக் கொடுப்பது எளிது. அதன் சோதனை ஒரு மாதத்தில் வந்தது. செல்வர் ஒருவர் தாமாகவே முன்வந்து, கூடம் கட்டும் செலவில் பெரும்பகுதியைத் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். தம் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்குக் கூடத்தின் ஒரு மூலையில் தடுப்பு வைத்துத் தனி வரிசை வேண்டும் என்றார். பள்ளிக் குழு கூடியது. "ஒரு தடுப்புத்தானே! மழைக்கு முன் கூடம் எழும்பிவிடும். எண்பது பிள்ளைகளின் நன்மையைப் பாருங்கள்" என்றார்கள் சிலர். அவர்கள் தீயவர்கள் அல்லர். பிள்ளைகள் நனைவதைக் கண்டு வருந்தியவர்கள். நான் அன்று வாய் திறக்கவில்லை. இதனை மறைக்காமல் உங்களிடம் சொல்ல வேண்டும். பணத்தின் அளவு என் வாயை அடைத்துவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாடாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த அந்தப் பெரியவரின் முகமே கண்முன் நின்றது.

மறுநாள் குழுவினரை மீண்டும் கூட்டினேன். நான் கொடுத்த வாக்கையும், முதல் நாள் பேசாதிருந்த என் தவற்றையும் சொன்னேன். நெடுநேர விவாதத்துக்குப் பிறகு, அக்கொடையை நன்றியோடு மறுப்பதென்று முடிவாயிற்று. செல்வர் வருந்தினார். அவர் வழியாக வரக்கூடியிருந்த வேறு சில நன்கொடைகளும் வராமற்போயின. கூடம் எழும்ப மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. இரண்டு மழைக்காலங்கள் என் மாணவர்கள் தாழ்வாரத்தில் நனைந்த இலையில் உண்டார்கள். ஒரு கொள்கையைக் காப்பதன் விலையைத் தலைமையாசிரியன் தனியே கொடுப்பதில்லை, மாணவனும் கொடுக்கிறான். அதை எண்ணி நான் இன்றும் வருந்துவதுண்டு. ஆயினும் முடிவை மாற்றியிருக்க வேண்டும் என்று எண்ணியதில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்ற பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்களும் நாளை ஒரு நூலகத்துக்கோ, வெள்ள நிவாரணத்துக்கோ, பள்ளிக்கோ நிதி திரட்டப் புறப்படலாம்.

கேட்கப் போகிறவன் முதலில் தான் கொடுக்க வேண்டும். பட்டியலின் முதற்பெயர் தலைவனுடையதாக இருக்கட்டும். தனியே செல்லாமல் இருவராகச் செல்ல வேண்டும். பத்து ரூபாய் பெற்றாலும் அங்கேயே பற்றுச்சீட்டு எழுதித் தர வேண்டும். தேவையை மிகைப்படுத்திச் சொல்லலாகாது. இரக்கத்தைத் தூண்டுவதற்காகப் பிள்ளைகளின் வறுமையைக் காட்சிப்பொருள் ஆக்கலாகாது. நாங்கள் மாலைதோறும் திரண்ட பணத்தை மாணவர் முன்னிலையில் எண்ணி, விடுதிக் கரும்பலகையில் எழுதி வைத்தோம். கணக்கைக் கூட்டிச் சரிபார்ப்பது பத்தாம் வகுப்பு மாணவர்களின் பொறுப்பு. கணிதப் பாடத்தில் சோம்பியிருந்தவர்கள்கூட அந்தக் கணக்கில் ஒரு ரூபாய் தவறவிட்டதில்லை!

கொடுப்பவர் நிபந்தனை விதிப்பதே தவறா? அன்று. "என் பணத்தை அடுப்பங்கரைக்கே செலவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால், அடுப்பங்கரைக்கே செலவிட வேண்டும். அது பொருளின் மேல் விதித்த நிபந்தனை. "இந்தப் பிள்ளை இங்கே உட்காரலாகாது" என்பது பிள்ளையின் மேல் விதித்த நிபந்தனை. முன்னதை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்ற வேண்டும். பின்னதை எவ்வளவு பெரிய தொகையோடு வந்தாலும் ஏற்கலாகாது.

கணக்கை வெளிப்படையாக வைப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் திருமுக்கூடல் என்னும் ஊர் உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த நீண்ட கல்வெட்டைக் காணலாம். கோயிலைச் சார்ந்து நடந்த கல்விக்கூடம், அதன் மாணாக்கர் விடுதி, பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவச்சாலை ஆகியவற்றின் செலவுகளை அது விரித்துரைக்கிறது. மாணாக்கர்க்கு உணவு, படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமைக்குத் தலைக்கு எண்ணெய் என்று யாவும் கல்லில் உள்ளன. விடுதிக் கணக்கை ஊரார் கண்ணெதிரே வைத்த அந்த முன்னோரை நாம் போற்ற வேண்டும். அதே வேளையில் ஒன்றை மறக்கலாகாது. அது வேதமும் இலக்கணமும் பயின்ற மாணாக்கர்க்கான விடுதி. அந்தக் காலத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் இடம் இருந்திராது. கணக்கை வெளியே வைப்பதை முன்னோரிடம் கற்போம். பந்தியை விரிவாக்குவதை நாமே செய்வோம்.

எங்கள் கூடம் 2000ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. கல்வெட்டு எதுவும் நாங்கள் வைக்கவில்லை. கொடுத்தவர் அனைவரின் பெயரையும், பத்து ரூபாய் தந்தவர் முதல், அகர வரிசையில் எழுதிச் சுவரில் மாட்டினோம். திறப்பு நாளன்று பிள்ளையார்பாளையத்துப் பெரியவரை அழைத்திருந்தேன். பெயர்ப் பட்டியலை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே உள்ளே சென்று, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில் நடந்து பார்த்தார். பிறகு நடுவில் இருந்த இரு சிறுவர்களை நகரச் சொல்லி, இடையில் அமர்ந்து, "எனக்கும் ஓர் இலை போடுங்கள்" என்றார்.

ஆசிரியப் பணியில் எத்தனையோ ஆய்வாளர்கள் என் பள்ளியைப் பார்வையிட்டுக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அன்று அந்தப் பெரியவர் செய்ததுபோன்ற தணிக்கையை வேறு எவரும் செய்ததில்லை.