மேடையிலிருந்து வெண்திரைக்கு

ஒருவர் இளமையிலேயே ஒரு தொழிலைக் கற்றுத் தேர்ந்து, அதனாலேயே உண்டு உடுத்து வாழ்ந்து வருகிறார். அவர் நடுவயதை எட்டுவதற்குள் புதுப்பொறி ஒன்று தோன்றி, அதே தொழிலை வேறொரு வகையில் நடத்தத் தொடங்கிவிடுகிறது. அப்போது அவர் என் செய்வார்? பழைய திறமை அவருக்குக் கைகொடுக்குமா, அல்லது காலைத் தடுக்குமா? கைத்தறி நெசவாளிக்கும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவருக்கும் எழுந்த இந்த வினா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டு நாடக நடிகர்களுக்கும் எழுந்தது. அவர்களுக்கு எதிரே வந்து நின்ற புதுப்பொறி, திரைப்படக் காமிரா.

ஹாலிவுட்டின் முதல் தலைமுறை நடிகர் பெரும்பாலோர் மேடையிலிருந்து வந்தவர்களே. அவர்களுடைய வரலாற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. மேடையில் பெற்ற புகழ் அவர்களைத் திரையில் நிலைநிறுத்தவில்லை. மேடையில் பெற்ற பயிற்சியே பலரைக் காத்தது. புகழ் வேறு, பயிற்சி வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் அக்காலத்து நிலைமையை அறிந்துகொள்வோம். 1905-ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்க நகரங்களில் ஐந்து காசுக்குப் படம் காட்டும் சிறு கொட்டகைகள் காளான்போல் முளைத்தன. பத்துப் பதினைந்து நிமிடமே ஓடும் ஊமைப்படங்கள் அங்கே காட்டப்பட்டன. நாடக நடிகர்கள் அவற்றை இழிவாகவே எண்ணினார்கள். ஆயினும் வயிறு ஒன்று இருக்கிறதே! நாடகக் குழுக்கள் ஊர் ஊராக இரயிலில் அலைந்தன; கோடை வந்தால் அரங்குகள் மூடப்பட்டன. வேலையில்லாத அம்மாதங்களில் நடிகர்கள் பிறர் கண்ணில் படாமல் படக் கம்பெனியின் வாயிலை நாடினார்கள். படங்களில் நடிகர் பெயர் போடும் வழக்கமும் அப்போது வேரூன்றவில்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் உயர்த்திக் கேட்பார்களே என்று முதலாளி அஞ்சினார். பெயர் தெரிந்தால் மேடை மதிப்புக் கெடுமே என்று நடிகர் அஞ்சினார். இருவர் அச்சமும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொண்டது!

இவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் மேரி பிக்ஃபோர்டு. 1892-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தைத் தாங்கச் சிறுமியாக இருந்தபோதே மேடை ஏறினார். 1907-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் டேவிட் பெலாஸ்கோ என்னும் புகழ்பெற்ற நாடக ஆசிரியரிடம் வாய்ப்புப் பெற்றார். மேரி பிக்ஃபோர்டு என்ற பெயரும் அவர் சூட்டியதே. 1909-ஆம் ஆண்டு, மேடையில் வேலையின்றி இருந்த வேளையில், நியூயார்க் பதினான்காம் தெருவில் இருந்த பயோகிராஃப் கம்பெனியின் படியேறினார். அப்போது அவருக்கு வயது 17. நாளுக்கு ஐந்து டாலர் தருவதாகச் சொன்னதும், தாம் பெலாஸ்கோவின் நடிகை என்று நிமிர்ந்து நின்று பத்து டாலர் கேட்டுப் பெற்றார் என்பர். 1913-இல் அவர் மீண்டும் பெலாஸ்கோவின் நாடகத்தில் தோன்றினார். ஆனால் மனம் மேடையில் தங்கவில்லை, திரைக்கே திரும்பினார். 1916-இல் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் வாரம் பதினாயிரம் டாலர் தந்தது. இலாபத்திலும் பங்கு தந்தது. 1919-இல் சார்லி சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், டி. டபிள்யூ. கிரிஃபித் ஆகியோருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தார். நாட்கூலிக்கு வந்த பெண் பத்தே ஆண்டுகளில் முதலாளியானார்.

அந்நால்வருள் கிரிஃபித்தும் மேடை நடிகராக இருந்தவரே. நாடகம் எழுதிப் புகழ்பெற விரும்பினார், கை கூடவில்லை. பொருள் தேடிப் படங்களில் நடிக்க வந்து, 1908-இல் இயக்குநரானார். மேடைக்கும் திரைக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்து நடிகர்களைப் பழக்கியவர்களுள் அவர் முதல் வரிசையில் நிற்பவர்.

அவ்வேற்றுமைதான் யாது? மேடை நடிகர் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்காகவும் நடிக்கிறார். ஆகவே கையை உயர வீசுகிறார். குரலை ஓங்கச் செய்கிறார். துயரத்தைத் தோளிலும் முதுகிலும் காட்டுகிறார். காமிராவோ முகத்தின் அருகில் வந்து நிற்கிறது. அதன் முன் வீசிய கை கூத்தாகிவிடும். இமையின் ஓர் அசைவோ பெரும் பேச்சாகிவிடும். நம் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று எதனைச் சொன்னாரோ, உள்ளத்து உணர்ச்சி உடலில் தானே புலப்படும் அந்நிலையைத்தான் காமிரா வேண்டிற்று. மேலும், நாடகம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஒழுங்காகச் செல்லும். படத்திலோ இறுதிக் காட்சியை முதல் நாளிலும் முதற்காட்சியைக் கடைசி நாளிலும் எடுப்பதுண்டு. கைதட்டி ஊக்க அவையோரும் இல்லை.

இந்த வேற்றுமையை உணராத பெரும்புகழ் என்ன ஆயிற்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. பிரெஞ்சு நாடக மேடையின் பேரரசி எனப்பட்ட சாரா பெர்னார்ட் 1912-இல் எலிசபெத் அரசியாக ஒரு படத்தில் நடித்தார். அதனை அமெரிக்காவில் வெளியிட்ட அடால்ஃப் சூகோர் பெரும்பொருள் ஈட்டினார். படம் என்பது மேன்மக்களும் காணத்தக்கது என்ற எண்ணமும் பரவியது. ஆனால் இன்று அப்படத்தைப் பார்ப்பவர் காண்பது, அசையாமல் நிற்கும் காமிராவின் முன், தொலைவில், கைகளை வீசி ஓசையின்றிப் பேசும் ஒரு முதிய நடிகையை மட்டுமே. அவரை உலகு போற்றிய காரணமாகிய குரல் அதில் இல்லை.

1915-இல் தொடங்கிய ட்ரையாங்கிள் என்ற கம்பெனி, மேடைப் புகழையே முதலாகக் கொண்டு வாணிகம் செய்ய முயன்றது. பிராட்வே நட்சத்திரங்களைப் பெருஞ்சம்பளத்துக்கு அழைத்து வந்தது. இலண்டன் மேடையின் தலைசிறந்த நடிகர்களுள் ஒருவரான ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ வந்து 1916-இல் மேக்பெத்தாக நடித்தார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் சொல்லை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? படம் தோல்வியுற்றது. ஆனால் அதே கம்பெனிக்கு வந்த மற்றொரு பிராட்வே நடிகர், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ், பெருவெற்றி பெற்றார். மேடையில் அவர் ட்ரீயைப்போல் மாமேதை அல்லர். ஆயினும் தாவுதல், ஏறுதல், குதித்தல், நகைத்தல் என்னும் தம் உடலின் துடிப்பையே அவர் நடிப்பாக்கிக் கொண்டார். காமிரா விரும்பியது அதனையே.

பெரும்புகழ் பெறாத எளிய மேடைகளிலிருந்து வந்தவர்கள் இன்னும் சிறந்து விளங்கினார்கள். சார்லி சாப்ளின் 1889-இல் இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் இசைக்கூடங்களில் பாடி நடித்தவர்கள். பின்னர் அவர் ஃப்ரெட் கார்னோவின் குழுவில் சேர்ந்தார். பேச்சைக் குறைத்து, உடலசைவாலேயே நகைச்சுவை விளைப்பதில் பெயர்பெற்றது அக்குழு. அதனுடன் அமெரிக்கா சென்றபோது, 1913-இல், வாரம் 150 டாலருக்குக் கீஸ்டோன் கம்பெனி அவரை அமர்த்தியது. 1914-இல் வெளிவந்த முதற்படத்தில் உயர்ந்த தொப்பியும் தொங்குமீசையுமாகத் தோன்றினார், அவ்வேடம் நிலைக்கவில்லை. சோர்ந்துவிடாமல், தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான மேற்சட்டை, பெரிய காலணி, சிறுமீசை, கைத்தடி என வேறொரு வேடத்தைத் தேர்ந்தார். உலகம் அறிந்த நாடோடி பிறந்தான். 1916-இல் அவருக்குக் கிடைத்த ஓராண்டு ஒப்பந்தம் 6,70,000 டாலர்.

பஸ்டர் கீட்டன் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் பல்சுவை மேடைகளில் விழுந்து புரண்டு நடித்தவர். 1917-இல் முதன்முதலாகப் படப்பிடிப்பைக் காணச் சென்றவர், காமிராவின் உறுப்புகளைக் கழற்றிப் பார்த்து அது எவ்வாறு இயங்குகிறது என்று கற்றுக்கொண்டார். புதுப்பொறியைக் கண்டு அஞ்சியவர் பலர், இகழ்ந்தவர் பலர், அதனைத் திறந்து பார்த்தவர் சிலரே. அடிபடாமல் விழும் கலை அவருக்கு மேடை தந்த செல்வம். அதை எந்தக் கோணத்தில் காட்டுவது என்பதை அவர் காமிராவிடம் கற்றார்.

லிலியன் கிஷ் என்னும் நடிகையும் குழந்தையாகவே ஊர் ஊராக நாடகமாடி வந்தவர். 1912-இல் தங்கை டாரதியுடன் கிரிஃபித்தின் படத்தில் அறிமுகமானார். 1920-இல் வெளிவந்த 'வே டவுன் ஈஸ்ட்' படத்துக்காக, உறைபனி ஆற்றில் மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் படுத்து, கையையும் கூந்தலையும் நீரில் தொங்கவிட்டு நடித்தார். அக்கையின் விரல்களில் அக்குளிர் விளைத்த ஊறு பல ஆண்டுகள் நீங்கவில்லை. உடல்நலம் கெட்டாலும் குறித்த நேரத்தில் மேடைக்கு வந்தே தீரவேண்டும் என்று பயின்ற நாடகக் குழந்தையின் உறுதி அது. அவ்வுறுதியைப் போற்றும்போதே, அத்தகைய ஆபத்துக்கு நடிகரை உட்படுத்திய தொழில்முறை சரியானதன்று என்பதையும் சொல்லவேண்டும்.

பயிற்சியும் உழைப்பும் இருந்தால் எல்லார்க்கும் கதவு திறந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பெர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின நடிகர் பிராட்வேயின் உயர்ந்த நகைச்சுவை நடிகர்களுள் ஒருவர். 1913-இல் அவரும் பல கறுப்பின நடிகர்களும் நடித்த ஒரு படம் முடிக்கப்படாமலே கிடப்பில் போடப்பட்டது. நூறாண்டு கழித்து, 2014-இல், நியூயார்க் தற்காலக் கலை அருங்காட்சியகம் அப்படச்சுருள்களைத் தொகுத்து மக்களுக்குக் காட்டியது. 1916-இல் அவர் இரண்டு குறும்படங்கள் எடுத்தார். அதற்குமேல் வழி இல்லை. அவரிடம் குறை ஒன்றும் இல்லை. குறை அவரைச் சூழ்ந்த சமுதாயத்தில் இருந்தது.

ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்பாரின் வரலாறு வேறு வகையான துயரம் உடையது. தாயின் நாடகக் குழுவில் குழந்தையாக நடித்தவர்; பிக்ஃபோர்டு வருமுன்பே பயோகிராஃப் படங்களில் பெயரின்றி முகத்தாலேயே புகழ்பெற்றவர். 'பயோகிராஃப் பெண்' என்றே மக்கள் அவரை அழைத்தார்கள். 1910-இல் கார்ல் லெம்லி என்ற முதலாளி அவரைத் தம் கம்பெனிக்கு ஈர்த்து, அவர் இறந்துவிட்டதாகப் பரவிய பொய்ச்செய்தியை மறுப்பதுபோல் விளம்பரம் செய்து, அவர் பெயரை ஊரறியச் செய்தார். ஆயினும் படப்பிடிப்பில் நேர்ந்த தீவிபத்தில் அவர் காயமுற்றார். பிற்காலத்தில் பெயர் தெரியாத சிறு வேடங்களே கிடைத்தன. நோயும் மனத்துயரும் சூழ 1938-இல் மறைந்தார். 1991-ஆம் ஆண்டு வரையில் அவர் கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. பெயரின்றித் தொடங்கிய வாழ்வு, பெயரின்றியே அடங்கியது.

1927-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'ஜாஸ் சிங்கர்' என்ற படம் வெளிவந்தது. பல்சுவை மேடையின் பாடகர் ஆல் ஜால்சன் அதில் பாடினார். சில சொற்கள் பேசவும் செய்தார். சக்கரம் மீண்டும் சுழன்றது. இருபது ஆண்டுகளாக வேண்டாதிருந்த குரல் இப்போது வேண்டியதாயிற்று! ஹாலிவுட் மறுபடியும் மேடையை நோக்கி ஓடியது. யித்திஷ் மொழி நாடகங்களில் வளர்ந்த பால் முனி, பிராட்வேயில் நடித்துவந்த ஜேம்ஸ் காக்னி, ஸ்பென்சர் ட்ரேசி, காதரின் ஹெப்பர்ன் ஆகியோர் 1929 முதல் 1932 வரையில் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். அவர்களும் ஒன்றை மறக்க வேண்டியிருந்தது. கடைசி வரிசைக்கு எட்டும் குரல், தலைக்குமேல் தொங்கிய ஒலிவாங்கிக்கு மிகையானது. கை அடங்கக் கற்றது முதல் தலைமுறை. குரல் அடங்கக் கற்றது இரண்டாம் தலைமுறை.

வயது இதற்குத் தடையன்று என்பதை மேரி ட்ரெஸ்லர் காட்டினார். 1868-இல் பிறந்த மேடை நகைச்சுவை நடிகை அவர். 1914-இல் சாப்ளினுடன் படத்தில் நடித்தார். பின்னர் வாய்ப்பிழந்து வாடினார். பேசும்படம் வந்தபின், 1930-இல், அறுபது வயதைக் கடந்த நிலையில் அவர் நடித்த 'மின் அண்டு பில்' படம் அவருக்கு ஆஸ்கார் பரிசை வாங்கித் தந்தது.

மாணவ நண்பர்களே, இனி நீங்கள் ஒரு பழைய ஊமைப்படத்தைக் காணும்போது, அதில் மிகையாகக் கை வீசும் நடிகரைக் கண்டு நகைத்துவிடாதீர்கள். அவர் தம் கடைசி வரிசையை இன்னும் மறக்கவில்லை என்று எண்ணுங்கள். அருகில் அடங்கி நிற்கும் மற்றொருவரையும் உற்று நோக்குங்கள்; அவர் எத்தனை ஆண்டுப் பழக்கத்தை விட்டுவந்தார் என்று எண்ணிப் பாருங்கள். நேரந்தவறாமை, பிறரோடு ஒத்திசைந்து உழைத்தல், விழுந்தால் எழுதல், ஒரே செயலைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய இவை எந்தப் பொறி வந்தாலும் பயன்படும். கைவீச்சும் குரல்வீச்சும் அந்தந்த மேடைக்கு உரியவை. மேடை மாறினால் மாறவேண்டியவை. நீங்கள் இன்று கற்பனவற்றுள்ளும் இவ்விரு வகையும் கலந்தே இருக்கின்றன. எது எந்த வகை என்று பிரித்தறிவது எளிதன்று. ஆசிரியராலும் முழுதும் பிரித்துச் சொல்ல இயலாது.

லிலியன் கிஷ் அதை அறிந்திருந்தார். ஊமைப்படக் காலம் முடிந்ததும் 1930-இல் மேடைக்குத் திரும்பி, செகாவின் நாடகத்தில் நடித்தார். பிறகு மேடைக்கும் திரைக்கும் மாறி மாறிச் சென்றார். அவருடைய இறுதிப் படம் வெளிவந்தது 1987-இல். முதற்படத்துக்கும் அதற்கும் இடையே 75 ஆண்டுகள். புதியது வந்தபோதெல்லாம் அவர் மாணவியாகவே இருந்தார்.